கிரிஸ்டல் பிரிட்ஜஸ், பென்டன்வில்: வால்டன் குடும்பம் சொந்த ஊருக்கு கட்டின மியூசியம், என் ரிவ்யூ

பென்டன்வில்லுக்கு ப்ராஜெக்ட்னு வர்ற நம்ம ஆளுங்க எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி, அந்த ஊர்ல வால்மார்ட் ஹெட் ஆபீஸ விட்டா வேற என்னங்க இருக்குன்னு தான். இங்க குடியிருக்கறதால சொல்றேன், கிரிஸ்டல் பிரிட்ஜஸ் மியூசியம் இருக்கு, அதுக்காகவே லீவு போட்டு கிளம்பி வந்தாலும் தகும். அர்கன்சாஸ் மாநிலத்தோட வடமேற்கு மூலை, ஓசார்க் மலைக்காடு, பக்கத்துல பெரிய சிட்டின்னு பாத்தா டல்சாவும் கன்சாஸ் சிட்டியும் தான், ரெண்டுக்குமே மணிக்கணக்கா கார் ஓட்டணும். அப்படி ஒரு இடத்துல அமெரிக்க ஓவியத்தோட சரித்திரத்தையே வரிசையா மாட்டி வச்சிருக்காங்க, உள்ள போறதுக்கு டிக்கெட்டே கிடையாது. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல வெளியூர்க்காரங்க ஆளுக்கு 30 டாலர் குடுக்கணும், நாலு பேர் குடும்பம்னா யோசிச்சு தான் போவாங்க.

படம், கட்டடம் எல்லாம் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் முக்கியமா பாத்தது வேற, ஒரு பணக்கார குடும்பத்தோட அறக்கட்டளை சொந்த ஊருக்குன்னு ஒண்ணு செய்யும்போது அது யார் வரைக்கும் போய் சேருது, யார்கிட்ட சேரலங்கிறது. அத வச்சு தான் இந்த ரிவ்யூ.

முதல்ல காசு எங்க இருந்து வருதுன்னு சொல்லிடறேன். வால்மார்ட் கடைகள ஆரம்பிச்ச சாம் வால்டன் 1950ல இந்த ஊருக்கு வந்தப்ப இங்க சுமார் மூவாயிரம் பேர் தான். டவுன் ஸ்கொயர்ல ஒரு சின்ன கடை போட்டார், அந்த இடம் இப்பவும் வால்மார்ட் மியூசியமா இருக்கு. 1962ல பக்கத்து ஊர் ராஜர்ஸ்ல முதல் வால்மார்ட், அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1987ல அவரும் அவர் மனைவி ஹெலனும் சேர்ந்து வால்டன் ஃபேமிலி ஃபவுண்டேஷன ஆரம்பிச்சாங்க. அவங்க மூணு பக்கம் காசு குடுக்குறாங்க, ஒண்ணு பள்ளிக் கல்வி, இன்னொண்ணு ஆறு கடல்னு சுற்றுச்சூழல், மூணாவது 'ஹோம் ரீஜியன்'னு பேர் வச்சு சொந்த பூமிக்கு, அதாவது வடமேற்கு அர்கன்சாஸுக்கும் மிசிசிப்பி ஆத்தோரம் ரொம்ப ஏழ்மையா கிடக்குற டெல்டா பகுதிக்கும். மியூசியம் அவங்க மகள் ஆலிஸ் வால்டனோட கனவு. 2011ல திறக்குறதுக்கு முன்னாடியே ஃபவுண்டேஷன் 80 கோடி டாலர் அறிவிச்சுது, அதுல 32.5 கோடி படம் வாங்க, 12.5 கோடி கட்டடத்த பின்னால சரி பண்ண, 35 கோடி தினசரி செலவுக்குன்னு தனியா முதலீடு. டிக்கெட் இல்லாம விடுறதுக்கு மட்டும் வால்மார்ட் கம்பெனி தனியா 2 கோடி டாலர் குடுத்துச்சு.

அந்த 35 கோடி தான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஏன்னா கட்டடம் கட்டுறதுக்கு காசு குடுக்க எல்லாருக்கும் ஆசை, பேர் போட்ட கல்வெட்டு கிடைக்கும், போட்டோ வரும், ஆனா பத்து வருஷம் கழிச்சு ஏசி ரிப்பேருக்கும் செக்யூரிட்டி சம்பளத்துக்கும் காசு குடுக்க ஒருத்தரும் முன்னாடி வரமாட்டாங்க, எத்தன நூலகம் எத்தன மண்டபம் திறப்பு விழாவோட பூட்டிக் கெடக்குன்னு நாமளே பாத்திருக்கோம். இங்க மொதல்லயே அந்த செலவ எடுத்து வச்சிட்டு தான் கதவ திறந்திருக்காங்க. தர்மம் பண்ணணும்னு நினைக்கிற எந்த குடும்பமா இருந்தாலும் இத பாத்து கத்துக்கலாம்.

இடத்த பத்தி கொஞ்சம். 2011 நவம்பர் 11 அன்னிக்கு திறந்தாங்க. டிசைன் பண்ணது மோஷே சாஃப்டி, சிங்கப்பூர் போனவங்களுக்கு அந்த மூணு டவர் மேல கப்பல் மாதிரி நிக்கிற மரினா பே சாண்ட்ஸ் தெரியும்ல, அதே ஆள். அங்க வானத்துல கட்டினவர் இங்க பள்ளத்துக்குள்ள இறங்கி கட்டிருக்கார். ரோட்டுல இருந்து பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, லிஃப்ட்ல கீழ இறங்கினா தான் ரெண்டு குளம், குளத்து மேல செம்புத் தகடு கூரை போட்ட ரெண்டு பாலம், பாலத்துக்குள்ளயே கேலரி, எல்லாம் கண்ணுல விழும். பக்கத்துல இருக்க கிரிஸ்டல் ஸ்பிரிங்ங்கிற ஊத்துல இருந்து தான் பேரு வந்துச்சு. படம் பாத்து கண்ணு அலுத்துப் போற நேரத்துக்கு சரியா ஒரு கண்ணாடி சுவரும் வெளிய மரமும் தண்ணியும் வருது, குழந்தைங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

படங்கள்ல எனக்கு புடிச்சத மட்டும் சொல்றேன். ஆஷர் டூரண்ட் 1849ல வரைஞ்ச 'கிண்ட்ரட் ஸ்பிரிட்ஸ்', மலை விளிம்புல ரெண்டு நண்பர்கள் நின்னு பேசிட்டு இருப்பாங்க, ஒருத்தர் ஓவியர் தாமஸ் கோல், இன்னொருத்தர் கவிஞர் பிரையன்ட். இந்த படம் நியூயார்க் பப்ளிக் லைப்ரரி வசம் இருந்தது, 2005ல அவங்க வித்தப்ப ஆலிஸ் வால்டன் வாங்கினாங்க, மூன்றரை கோடி டாலர்னு அப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. நியூயார்க்ல பெரிய சத்தம், எங்க ஊர் சொத்து எங்கயோ அர்கன்சாஸுக்கு போகுதேன்னு. அந்த வருத்தம் எனக்கு புரியுது, ஆனா அர்கன்சாஸ்ல இருக்கறவனும் அதே நாட்டு ஆளு தான, அவன் ஊர்ல ஒரு நல்ல படம் இருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது. அப்புறம் நார்மன் ராக்வெல்லோட 'ரோஸி தி ரிவெட்டர்', 1943, ரெண்டாம் உலகப்போர் நேரத்துல ஃபேக்டரி வேலைக்கு வந்த பொம்பளைங்கள வச்சு வரைஞ்சது, கையில சாண்ட்விச், மடியில ரிவெட் அடிக்கிற மெஷின், காலுக்கு கீழ ஹிட்லரோட புத்தகம். ஜார்ஜியா ஓ'கீஃப் வரைஞ்ச வெள்ளை ஊமத்தம்பூவும் இருக்கு, 2014ல 4.44 கோடி டாலருக்கு ஏலம் போச்சு, ஒரு பெண் ஓவியரோட படத்துக்கு அது வரைக்கும் யாரும் அவ்ளோ குடுத்ததில்ல. நம்ம ஊர்ல வேலியோரம் பூக்குற பூ தாங்க, அது முன்னாடி நின்னு பாத்தா தான் அந்தம்மா எவ்வளவு நேரம் அந்த பூவ பாத்திருப்பாங்கன்னு தெரியும்.

வெளியில ஃபிராங்க் லாய்ட் ரைட் டிசைன் பண்ண ஒரு வீடு இருக்கு, பாக்மன் வில்சன் ஹவுஸ். நியூஜெர்சில ஆத்தோரமா இருந்து அடிக்கடி வெள்ளத்துல மாட்டிக்கிட்டு இருந்தத மியூசியம் வாங்கி, துண்டு துண்டா பிரிச்சு, லாரில ஏத்தி கொண்டு வந்து திரும்ப கோத்து 2015ல திறந்தாங்க. நடுத்தர குடும்பம் குடியிருக்கணும்னு யோசிச்சு போட்ட வீடு, அதனால பெரிய மாளிகை எல்லாம் எதிர்பார்க்காதீங்க, சின்ன இடத்துல வெளிச்சத்த எப்படி உள்ள விடுறதுன்னு பாக்கறதுக்காக போங்க.

இப்ப நான் அஞ்சுக்கு அஞ்சு குடுக்குற விஷயத்துக்கு வர்றேன், ஸ்கூல் பிள்ளைங்க ஃபீல்ட் ட்ரிப்.

டிக்கெட் ஃப்ரீன்னு போர்டு மாட்டிட்டா மட்டும் ஏழைப் பிள்ளை மியூசியம் வந்துடாது. ஸ்கூல்ல இருந்து பஸ் வேணும், டீசல் செலவு யாருதுன்னு ஒரு கேள்வி, டீச்சர் அன்னிக்கு கூட வந்துட்டா மத்த கிளாஸ யார் பாக்குறதுன்னு இன்னொரு கேள்வி, மதியம் சாப்பாட்டுக்கு கையில காசு இல்லாத பிள்ளை எத்தன பேருன்னு அடுத்த கேள்வி. இந்த மூணுலயும் தான் பாதி ட்ரிப் நின்னு போகும். கிரிஸ்டல் பிரிட்ஜஸ்ல பஸ் செலவ குடுக்குறாங்க, டீச்சருக்கு பதிலா ஆள் போட ஆகுற காசையும் குடுக்குறாங்க, பிள்ளைங்களுக்கு மதிய சாப்பாடும் போடுறாங்க. ஸ்கூல் கையில இருந்து எதுவும் போகாது. இதுக்கான நிதி வால்டன் குடும்பத்துது கூட இல்ல, வில்லர்ட், பாட் வாக்கர் தம்பதி பேர்ல இருக்க இன்னொரு அறக்கட்டளை 1 கோடி டாலர் குடுத்துச்சு, வில்லர்ட் வாக்கர் யாருன்னா சாம் வால்டன் கிட்ட ஆரம்ப காலத்துல கடை மேனேஜரா இருந்தவர். ஒரு குடும்பம் பெருசா ஒண்ணு ஆரம்பிச்சா அக்கம்பக்கத்துல வசதியா இருக்கற மத்த குடும்பமும் கூட வந்து கை குடுக்கும்ங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

இதுல இன்னொரு நல்ல காரியமும் நடந்துச்சு. மியூசியம் திறந்த புதுசுல முதல் ரெண்டு செமஸ்டருக்கே 525 ஸ்கூல் குரூப் அப்ளை பண்ணாங்க, எல்லாருக்கும் இடம் இல்ல. சரின்னு குலுக்கல் போட்டாங்க, முதல்ல விழுந்தவங்க உடனே வந்தாங்க, விழாதவங்களுக்கு அப்புறமா ஒரு தேதி. அர்கன்சாஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் இந்த குலுக்கலயே ஒரு சோதனையா மாத்திட்டாங்க, போன பிள்ளைங்க, இன்னும் போகாத பிள்ளைங்கன்னு ரெண்டு பக்கமும் சேத்து 123 ஸ்கூல், 10,912 மாணவர்கள். சில வாரம் கழிச்சு போய் கேட்டா, போன பிள்ளைங்களுக்கு படம் மட்டும் இல்ல அதோட கதையும் ஞாபகம் இருந்துருக்கு. ஈஸ்ட்மன் ஜான்சன்னு ஒருத்தர் மேப்பிள் மரத்துப் பால காய்ச்சி சர்க்கரை எடுக்குற ஜனங்கள வரைஞ்சிருக்கார், அடிமைகள வச்சு கரும்புச் சர்க்கரை எடுத்த காலத்துல அத வாங்கக்கூடாதுன்னு தானே சர்க்கரை காய்ச்சினவங்க அவங்க, அந்த விவரத்த 88 சதவீத பிள்ளைங்க சரியா சொல்லிருக்காங்க. பரிட்சைக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்கல, டூர்ல பேசிக்கிட்டே போனது அவ்வளவு தான். அதுக்கு முன்னாடி பாக்காத ஒரு படத்த குடுத்து இதுல என்ன நடக்குதுன்னு எழுதச் சொன்னா அதுலயும் போன பிள்ளைங்க நல்லா கவனிச்சு யோசிச்சு எழுதினாங்க, முக்கியமா கிராமத்து பிள்ளைங்க, கஷ்டப்படுற வீட்டுப் பிள்ளைங்ககிட்ட அந்த முன்னேற்றம் மத்தவங்கள விட ரெண்டு மூணு மடங்கு. வீட்டுல இருந்து இந்த மாதிரி இடத்துக்கு கூட்டிட்டு போக ஆள் இல்லாத பிள்ளைக்கு ஒரே ஒரு நாள் இவ்வளவு செய்யுதுன்னா, அந்த பஸ் டீசல் காசு எவ்வளவு பெரிய காசுன்னு யோசிச்சு பாருங்க. 3.5 கோடி டாலர் படத்த விட அந்த டீசல் காசு தான் எனக்கு பெருசா தெரியுது, நெஞ்ச தொட்டு சொல்றேன்.

மியூசியத்துக்கு வெளிய இவங்க காசு எங்க எல்லாம் போயிருக்குன்னு சொன்னா லிஸ்ட் நீளும். நான் தினமும் பயன்படுத்துறது ரேஸர்பேக் கிரீன்வே, தெற்க ஃபேயட்வில்ல இருந்து வடக்க பெல்லா விஸ்டா பக்கம் வரைக்கும் 40 மைல் கிட்ட ஓடுற நடை, சைக்கிள் பாதை. மத்திய அரசாங்கம் 1.5 கோடி டாலர் குடுக்க, ஃபவுண்டேஷன் அதுக்கு சமமா 1.5 கோடி போட்டு 2015ல முடிச்சாங்க. ஸ்பிரிங்டேல், ராஜர்ஸ், லோவல்னு ஆறேழு ஊர் முனிசிபாலிட்டி ஒத்துழைச்சா தான் இப்படி ஒரு பாதை வரும், அத சாதிச்சிருக்காங்க. மலைச் சைக்கிள் ட்ரெயில் தனி, அது சாம் வால்டனோட பேரன்கள் ஸ்டூவர்ட், டாம் ரெண்டு பேரோட ஆர்வம், மியூசியத்துக்கு பின்னாடியே ஆரம்பிக்குது, அதுக்கும் காசு கிடையாது. 2025ல ஆலிஸ் வால்டன் பேர்ல ஒரு மெடிக்கல் காலேஜும் வந்துடுச்சு, முதல் பேட்ச் 48 பேர், முதல் அஞ்சு பேட்சுக்கு டியூஷன் ஃபீஸே கிடையாதுன்னு சொல்லிருக்காங்க. டாக்டர் பற்றாக்குறை இருக்கற மாநிலத்துல அது சின்ன விஷயம் இல்ல, படிச்சு முடிச்சவங்க கடன் இல்லாம வெளிய வந்தா தான் சின்ன ஊர்ல பிராக்டிஸ் பண்ணலாம்னு தைரியமா யோசிப்பாங்க.

இதெல்லாம் பாக்கும்போது எனக்கு காரைக்குடி தான் மனசுல ஓடுது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எடுத்து குடுத்ததால தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் டெல்லிக்கோ பம்பாய்க்கோ போகாம அந்த ஊருக்கு வந்துச்சு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார். சின்ன ஊருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய இடம்னு கேக்காம, சின்ன ஊருக்கு தான் வேணும்னு நினைச்ச ஆளுங்க ரெண்டு பக்கமும் இருந்திருக்காங்க.

குறையும் சொல்லியாகணும், புடிச்ச இடம்ங்கிறதுக்காக மறைக்க முடியாது. பென்டன்வில் ஜனத்தொகை 2010ல 35,301, 2020ல 54,164. வேலை, ட்ரெயில், மியூசியம்னு எல்லாம் சேந்து ஊர தூக்கி விட்டுடுச்சு, கூடவே வீட்டு விலையும் வாடகையும் ஏறிடுச்சு. டவுன்டவுன் பக்கம் பழைய சின்ன வீடுகள இடிச்சுட்டு பெருசு பெருசா கட்டுறாங்க. அந்த மியூசியத்துல க்ளீனிங் வேலை பாக்குறவங்க, ரெஸ்டாரண்ட்ல தட்டு கழுவுறவங்க, ஸ்கூல் டீச்சர், இவங்க எல்லாம் நடந்து வர்ற தூரத்துல குடியிருக்க முடியுமான்னா கஷ்டம் தான், தள்ளி தள்ளி போயிட்டு இருக்காங்க. ஃபவுண்டேஷனும் இத உணர்ந்து வீட்டு வசதிக்காக வடமேற்கு அர்கன்சாஸ் கவுன்சில்ங்கிற அமைப்பு நடத்துற கிரவுண்ட்வொர்க்ங்கிற முயற்சிக்கு காசு குடுக்குது, நல்லது, ஆனா ட்ரெயில் போட்ட வேகம் வீடு விஷயத்துல வரல. என்னக் கேட்டா அடுத்த பத்து வருஷம் அவங்க கவனம் முழுக்க இங்க தான் இருக்கணும்.

இன்னொரு விஷயம், மியூசியம் திறந்த நாள்ல இருந்தே கேக்குற கேள்வி, கடையில வேலை பாக்குறவனுக்கு சம்பளம் கூட குடுத்திருந்தா இந்த தர்மமே தேவைப்பட்டிருக்காதேன்னு. நியாயமான கேள்வி தான், மியூசியம் அழகா இருக்குங்கிறது அதுக்கு பதில் ஆகாது. அதே மாதிரி ஊருக்கு எது வேணும்னு முடிவு பண்றது ஒரு குடும்பம், ஓட்டு போட்டு யாரும் அவங்கள தேர்ந்தெடுக்கல. அமெரிக்க சட்டத்துல இந்த மாதிரி ஃபவுண்டேஷன்கள் வருஷத்துக்கு சொத்துல சுமார் 5 சதவீதம் செலவு பண்ணியே ஆகணும், யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு வருமான வரித் துறைக்கு குடுக்குற கணக்கு பொதுமக்கள் பாக்குற மாதிரி திறந்து இருக்கும். வரி விலக்கு வாங்குற காசுன்னா அதுல ஊர் ஜனத்துக்கும் பங்கு இருக்கு, அதனால அந்த கணக்க எடுத்து படிங்க, கேள்வி கேளுங்க, நன்றியா இருக்கறதும் கேள்வி கேக்குறதும் ஒண்ணா இருக்க முடியும்.

கார் இல்லாதவங்களுக்கு இந்த ஏரியா கஷ்டம், இத கண்டிப்பா சொல்லணும். ஸ்பிரிங்டேல்ல மார்ஷல் தீவுகள்ல இருந்து வந்த ஜனங்க நிறைய இருக்காங்க, அமெரிக்க நிலப்பரப்புலயே அவங்க அதிகமா இருக்கற ஊர் அது தான், கோழிப் பண்ணை ஃபேக்டரில வேலை பாக்குற ஸ்பானிஷ் பேசுற குடும்பங்களும் நிறைய. ஸ்கூல் மூலமா பிள்ளைங்க வந்துடறாங்க சரி, ஞாயித்துக்கிழமை அம்மா அப்பா பாட்டியோட வரணும்னா? அந்த ஆராய்ச்சிலயே டூர் போன பிள்ளைங்க, போகாத பிள்ளைங்கன்னு ரெண்டு பக்கமும் குடும்பத்தோட வர ஒரு கூப்பன் குடுத்தாங்க, டூர் போகாதவங்கள விட போனவங்க வீட்டுல இருந்து அதிகமா வந்தாங்க. பிள்ளை போய் பெத்தவங்கள இழுத்துட்டு வருது, அந்த ஆசைக்கு ஞாயித்துக்கிழமைல ஸ்பிரிங்டேல்ல இருந்து ஒரு பஸ் விட்டா போதும். ஸ்கூல் பஸ்ஸுக்கு காசு குடுக்கணும்னு தோணினவங்களுக்கு இதுவும் தோணணும்.

போறவங்களுக்கு சில குறிப்பு. செவ்வாய்க்கிழமை லீவு, நிறைய பேர் வெளியூர்ல இருந்து வந்து ஏமாந்து போறாங்க. நிரந்தர கேலரிக்கு காசு இல்ல, தற்காலிக கண்காட்சிக்கு மட்டும் பெரியவங்களுக்கு டிக்கெட் இருக்கும், வர்றதுக்கு முன்னாடி வெப்சைட்ல பாத்துடுங்க. வார இறுதில கார் பார்க்கிங் சீக்கிரம் ஃபுல் ஆகும், காலைல வாங்க. உள்ள இருக்க ரெஸ்டாரண்ட் பேரு இலெவன், திறந்த தேதிய வச்சு வச்சது, இடம் அழகு, காரம் நம்ம நாக்குக்கு பத்தாது. சின்ன குழந்தை இருந்தா பக்கத்துலயே அமேசியம்னு குழந்தைங்க மியூசியம் இருக்கு, அதுக்கு டிக்கெட் உண்டு, கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஒரு நாள் அது ஒரு நாள்னு பிரிச்சுக்கோங்க, ரெண்டையும் ஒரே நாள்ல திணிச்சா பிள்ளைங்க அழுதுடும். சாயங்காலம் இருட்டுற நேரம் வரைக்கும் இருக்க முடிஞ்சா ஜேம்ஸ் டரெல் செஞ்ச ஸ்கைஸ்பேஸுக்கு போங்க, வட்டமான கல் ரூமு, கூரைல ஒரு ஓட்டை, உள்ள விளக்கு கலர் மாற மாற அந்த ஓட்டைல தெரியுற வானமே கலர் மாறுற மாதிரி இருக்கும். குழந்தைய வச்சு தள்ளுற ஸ்ட்ரோலர் கொண்டு வர்றவங்க ட்ரெயில்ல எல்லா இடத்துலயும் தள்ள முடியாது, ஆர்ட் ட்ரெயில் பக்கம் மட்டும் போங்க, அதுவே வாசல்ல இருந்து டவுன் ஸ்கொயர் வரைக்கும் நடந்து போற தூரம் தான்.